இணையவழிக் கல்வியும் பல்கலைக்கழகக் கட்டடங்களும்: சென்னையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சேப்பாக்கத்தில், ஆற்காட்டு நவாபின் மாளிகைக்கு அண்மையில், கடற்கரையை நோக்கி நிற்கும் செனட் இல்லத்தைப் பார்ப்போர் அதன் கவிகை மாடங்களையும் வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் வியந்துவிட்டுக் கடந்து போவர். ராபர்ட் சிஷோம் வரைந்து 1874க்கும் 1879க்கும் இடையில் எழுப்பப்பட்ட இக்கட்டடத்தில், இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாயல் எவ்வளவு, பைசாந்தியச் சாயல் எவ்வளவு என்பது பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்றை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பெருங் கட்டடமாகிய இதில் பாடம் நடத்துவதற்கென்று வகுப்பறை இல்லை. பட்டமளிப்பு, பேரவைக் கூட்டம், தேர்வு, நிருவாகம் ஆகியவற்றுக்காகவே அது கட்டப்பட்டது. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே தொடங்கியது. கற்பித்தல் என்பது இணைவுக் கல்லூரிகளின் பொறுப்பு. அதற்கெனச் சொந்தத் துறைகளும் ஆசிரியர்களும் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தனர்.

ஆகவே, மாணவன் ஓரிடத்தில் கற்க, பல்கலைக்கழகம் வேறோர் இடத்திலிருந்து அவனை மதிப்பிடும் ஏற்பாடு சென்னைக்குப் புதியதன்று. இணையவழிக் கல்வி வந்ததும் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு இனி வேலையில்லை என்று ஒரு சாராரும், கட்டடம் இல்லாத கல்வி கல்வியே அன்று என்று மற்றொரு சாராரும் வாதிடும்போது, இரு சாராருமே ஒன்றை மறந்துவிடுகின்றனர். கல்விக் கட்டடம் என்றாலே விரிவுரைக் கூடம் என்று இருவரும் எண்ணிக்கொள்வதே அம்மறதி. அறுபது பேர் வரிசையாக அமர, ஒருவர் முன்னே நின்று பேசும் அறை எப்போதிலிருந்து கல்வியின் உறைவிடமாயிற்று?

நம் மரபிலேயே இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. இஸ்லாமிய உலகின் தொடக்க நூற்றாண்டுகளில் கல்வி பள்ளிவாசலில்தான் நடந்தது. தூணொன்றில் சாய்ந்து அமர்ந்த ஆசிரியரைச் சுற்றி மாணவர்கள் வட்டமாக அமரும் ஹல்கா என்னும் முறைக்குத் தனிக் கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. கூட்டம் பெருகிய ஹதீஸ் அவைகளில் ஆசிரியரின் குரல் எட்டாத வரிசைகளுக்கு அவர் சொற்களை உரத்துத் திருப்பிச் சொல்ல முஸ்தம்லீ என்பார் நியமிக்கப்பட்டனர். ஒலிபெருக்கி வேலையை மனிதக் குரல் செய்தது என்று சொல்லலாம். கடைசி வரிசையில் இருந்தவர் கேட்டது ஆசிரியரின் குரலை அன்று, அதை ஏந்தி வந்த இன்னொரு குரலையே. இடையில் ஓர் ஊடகம் நிற்பது கல்வியைக் கெடுத்துவிடும் என்று அக்காலத்து அறிஞர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் மதரஸா என்ற தனிக் கட்டடம் எதற்காக எழுந்தது? ஜார்ஜ் மக்தீஸி, கல்லூரிகளின் எழுச்சி பற்றி 1981இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிவாசலும் அதன் அருகே வெளியூர் மாணவர் தங்கிய சத்திரமும் ஒன்றாக இணைந்ததன் விளைவே மதரஸா என்று நிறுவ முயன்றார். அவருடைய முடிவுகள் சிலவற்றோடு பிற்கால ஆய்வாளர் முரண்பட்டாலும், கட்டடங்கள் அவர் பக்கமே சாட்சி சொல்கின்றன. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் மரீனிய மன்னர்கள் காலத்தில், 1323க்கும் 1325க்கும் இடையில் எழுந்த அத்தாரீன் மதரஸாவைப் பாருங்கள். நடுவே நீர்த்தொட்டியுள்ள முற்றம், ஒரு தொழுகைக் கூடம், மேலே மாணவர் தங்கும் சிற்றறைகள். பாடம் கேட்க அவர்கள் அருகிலிருந்த கரவிய்யீன் பள்ளிவாசலுக்குச் சென்றனர். உறங்கவும் மனனம் செய்யவும் சக மாணவனோடு தர்க்கம் புரியவும் மதரஸாவுக்குத் திரும்பினர். மதரஸாவின் தலையாய கொடை விரிவுரைக் கூடம் அன்று, தங்குமிடமும் அதைத் தாங்கிய வக்ஃபுமே.

தொலைவிலிருந்து கற்பதன் தகுதி குறித்தும் நம் முன்னோர் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். ஹதீஸ் கலையில் செய்தியைப் பெறும் முறைகள் தரம் பிரிக்கப்பட்டன. ஆசிரியரின் வாயால் நேரில் கேட்பது முதலிடம். அவர் முன் வாசித்துக் காட்டுவது அதற்கடுத்தது. அனுமதி பெறுவது, நூலைக் கையளிக்கப் பெறுவது, மடல் வழி எழுதிப் பெறுவது என்று அது இறங்கிக்கொண்டே வந்து, யாரிடமும் கேளாமல் ஏட்டைக் கண்டெடுத்துப் படிக்கும் விஜாதாவில் முடிந்தது. முகாத்தபா எனப்பட்ட மடல் வழிக் கல்வியைப் பலர் ஏற்றனர். விஜாதாவை ஐயத்தோடு பார்த்தனர். பதிவு செய்யப்பட்ட விரிவுரை இவ்வரிசையில் எங்கே நிற்கிறது? குரல் நேரில் கேட்பது போலவே இருக்கிறது. ஆனால் வாசித்துக் காட்டினால் திருத்துவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. திரை தருவது கேட்டலை மட்டுமே. திருத்தப்படுதலுக்கு இன்னும் ஓர் இடம் வேண்டும். கட்டடக் கலைஞன் சிந்திக்க வேண்டியது அவ்விடத்தைப் பற்றியே.

இந்த அளவுகோலோடு அடையாற்றுப் பக்கம் வருவோம்.

1959இல் ஜெர்மானிய உதவியோடு கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் நிறுவப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. சுமார் 250 ஹெக்டேர் பரப்புள்ளது. ஆறுகளின் பெயர்களைத் தாங்கிய விடுதிகள், ஆலமரங்கள், புள்ளிமான்கள், நடுவே மைய விரிவுரை அரங்கு என்று வளர்ந்த அவ்வளாகம் முழுமையான உறைவிடக் கல்வியின் வடிவம். 2003இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய என்பிடெல் என்னும் திட்டத்தில் அது முதன்மைப் பங்கு வகித்தது. அங்கிருந்துதான் வேறொரு வகை அறை பிறந்தது. வெளியொலி புகாத சுவர், சீரான விளக்கொளி, எதிரே மாணவர்களுக்குப் பதிலாக ஒளிப்படக் கருவி. இந்தப் பதிவறையைக் கட்டட வரலாற்றில் யாரும் போற்றப் போவதில்லை. ஆனாலும் எந்த விரிவுரை அரங்கும் எட்டமுடியாத எண்ணிக்கையில் கேட்போரை, எங்கோ ஒரு சிற்றூர்ப் பொறியியல் கல்லூரியில் இருப்போர் உட்பட, அச்சிறு அறை எட்டியது. அரங்கின் படிக்கட்டு இருக்கைகள் செய்துவந்த வேலையை அது எடுத்துக்கொண்டது என்பதே உண்மை.

பின்னர் 2020இல் அந்நிறுவனம் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பாடங்களும் வாராந்திரப் பயிற்சிகளும் திரையில். தேர்வு மட்டும் பல நகரங்களில் அமைந்த மையங்களில் நேரில். செனட் இல்லத்தின் பழைய ஏற்பாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவில் திரும்பியது போலும்! ஆனால் நம் கவனத்தை ஈர்த்தது தேர்வு அன்று. இப்பட்டப்படிப்பின் மாணவர்கள் பாரடாக்ஸ் என்ற பெயரில் ஆண்டு விழா ஒன்றை ஐ.ஐ.டி. வளாகத்திலேயே கோடையில் நடத்துகின்றனர். விடுதிகளில் இடம் கிடைக்கும் அந்த நாள்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து, இதுவரை திரையில் பெயராக மட்டும் அறிந்தவனோடு ஓரறையில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு திரும்புகின்றனர். எந்த விரிவுரையையும் கேட்க அவர்கள் வரவில்லை. விரிவுரை ஏற்கனவே கையில் இருக்கிறது. பிரிட்டனில் 1969இல் நிறுவப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மில்டன் கீன்ஸிலுள்ள தன் தலைமையகத்தில் இளநிலை மாணவர்க்கென வகுப்பறை வைக்காமலேயே, கோடையில் பிற பல்கலைக்கழகங்களின் விடுதிகளை வாடகைக்கு எடுத்து உறைவிட முகாம்கள் நடத்தியது. அத்தாரீன் மதரஸாவின் மாடியறைகளை நாம் நினைவூட்டியது இதற்காகவே.

கூடி வாழ்தலுக்கு ஒரு விலையும் உண்டு. 2020 டிசம்பரில் இதே வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டபோது, விடுதி மாணவர்க்குப் பொது உணவுக்கூடம் ஒன்றே இயங்கியது பெரிதும் பேசப்பட்டது. காற்றோட்டமான சிறு உணவுக்கூடங்கள் பல வேண்டுமா, பேருணவுக்கூடம் ஒன்று போதுமா என்ற கேள்வி அப்போது ஒரு கட்டடக் கேள்வியாகவே எழுந்திருக்க வேண்டும். நோய் தணிந்ததும் அதுவும் மறந்து போயிற்று.

ஐ.ஐ.டி.யிலிருந்து சற்றுத் தொலைவில், கோட்டூர்புரத்தில், ஒரே சாலையில் இரு கட்டடங்கள் உள்ளன. ஒன்று, 1999ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்டு 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். புலம்பெயர்ந்த தமிழர்க்காக உருவான அந்நிறுவனத்துக்கு மாணவர் உலகெங்கும் உளர். கட்டடமோ ஓர் அலுவலகம்தான். நோக்கத்துக்கு அது பொருந்துகிறது என்பதால் குறைகூற ஒன்றுமில்லை. மற்றொன்று, 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்களாக எழுந்து, மறு ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்படவிருந்து, நீதிமன்றத் தடையால் தப்பியது. சென்னையில் இணையவழிக் கல்விக்கு மிகவும் ஏற்ற கட்டடம் எது என்று கேட்டால், பல்கலைக்கழகங்கள் எதையும் சுட்டாமல் இந்நூலகத்தையே நாம் சுட்டுவோம். அங்கே சொந்த நூல் வாசிப்போர்க்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. நூலகத்தின் நூல் ஒன்றையும் தொடாமல், தன் குறிப்பேட்டையும் மடிக்கணினியையும் கொண்டுவந்து பகல் முழுதும் அமர்ந்து படிக்கலாம். நூலகம் அங்கே தருவது மேசை, நாற்காலி, விளக்கு, அமைதி, அருகே தன்னைப் போலவே படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். இரண்டறை வீடுகளில் வாழும் நம் நகரத்து மாணவர்க்கு இவை ஐந்தும் வீட்டில் ஒருங்கே கிடைப்பதில்லை.

இங்கேதான் நம் கல்லூரிக் கட்டடங்களின் மீது நமக்குள்ள குறை தொடங்குகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பல்லாண்டுகள் தன் அங்கீகாரக் கையேடுகளில் வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர், சிறுகுழு வகுப்பறைக்கு 33 சதுர மீட்டர் என்று அளவு வகுத்தது. அறுபது பேருக்கு 66 என்றால் ஆளுக்கு ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. அங்கீகாரம் வேண்டிய கல்லூரிகள் கட்டியதும் அதையே. அறையை எண்ணும் ஆய்வாளர் முற்றத்தை எண்ண மாட்டார், தாழ்வாரத்தை எண்ண மாட்டார், மரத்தடியை எண்ணவே மாட்டார். மறுபுறம், பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஸ்வயம் தளத்தின் வழி ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காட்டையும், 2021இல் 40 விழுக்காட்டையும் இணையத்தில் பயில இடமளித்தது. ஐந்து தாள்களில் இரண்டு. முற்பகல் பத்து மணிக்கு வகுப்பில் இருக்கும் மாணவன் பதினொரு மணித் தாளைத் திரையில் கேட்க வேண்டும், மீண்டும் பன்னிரண்டுக்கு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட ஒரு மணி நேரம் அவன் எங்கே அமர்வான்? வகுப்பறையில் அடுத்த பிரிவு வந்தாயிற்று. நூலகத்தில் வாய் திறக்கக் கூடாது; நேரலை வகுப்பிலோ வாய் திறந்தாக வேண்டும். சிற்றுண்டிச்சாலையின் இரைச்சலும் மாடிப்படியும்தான் மிச்சம். ஒரு குழு அனுமதியளிக்க, மற்றொரு குழு அளவு வகுக்க, இரண்டுக்கும் நடுவே மாணவன் படிக்கட்டில் அமர்ந்திருக்கிறான்.

திரை உள்ளே வந்த விதமும் வருந்தத்தக்கது. சென்னையின் பழைய கல்விக் கட்டடங்கள் வெயிலையும் கடற்காற்றையும் அறிந்தவை. 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பொறியியற் கல்லூரியின் செங்கல் கட்டடத்தில் தடித்த சுவரும் நீண்ட தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் உண்டு. வீழ்த்தியின் ஒளி மங்கக் கூடாதென்று சன்னல்களுக்குத் திரைச்சீலை இட்டு, காற்று நின்றதால் குளிர்சாதனம் பொருத்தி, அது மின்சாரத்தை உண்ண, எதிரெதிர்ச் சன்னல்களோடு கட்டப்பட்ட அறைகளைப் பெட்டிகளாக்கிவிட்டோம். அறுபது மடிக்கணினிக்கு இரண்டு மின்செருகி. தடித்த சுவரைக் கம்பியில்லா அலை எளிதில் கடப்பதில்லை என்பதால், பழைய கட்டடத்தில் அலை கிடைக்குமிடம் பெரும்பாலும் தாழ்வாரமாகவே அமைகிறது. மாணவர் அங்கே குழுமுவதைக் கண்டு ஒழுங்கீனம் என்று சினப்பவர்கள், கட்டடமே தன் புதிய வகுப்பறையைத் தெரிவு செய்துகொண்டது என்று எண்ணிப் பார்க்கலாம். தாழ்வாரத்தை அகலப்படுத்தி, ஓரத்தில் திண்ணை அமைத்து, மின்செருகி பதிப்பதற்கு ஆகும் செலவு ஒரு குளிரூட்டிய அரங்குக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே.

வெளிநாடுகளில் இக்கேள்விக்குக் கட்டடக் கலைஞர்கள் தந்த விடைகளில் இரண்டைச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 2010இல் திறக்கப்பட்ட ரோலெக்ஸ் கற்றல் மையத்தில், ஜப்பானியக் கலைஞர்களான செஜிமாவும் நிஷிஸாவாவும் தளத்தையே மேடும் பள்ளமுமாக அலைபோல் விரித்து, தடுப்புச் சுவர்களை மிகவும் குறைத்து, நூலகத்தையும் உணவகத்தையும் படிப்பிடத்தையும் ஒரே வெளிக்குள் வைத்தனர். அழகுதான், நம் ஊர் இரைச்சலுக்கு அது ஒருநாளும் தாங்காது. சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அச்சரிவுகள் எவ்வளவு உகந்தவை என்பதும் ஐயமே. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெதர்விக் 2015இல் அமைத்த கட்டடம் நமக்கு இன்னும் அணுக்கமானது. பன்னிரண்டு கோபுரங்களில் 56 அறைகள். அவை மூலைகள் அற்றவை. முன்புறம் என்று ஒன்று இல்லாததால் ஆசிரியர் நிற்பதற்கென்று ஓர் இடமும் இல்லை. மாணவர் விரிவுரையைத் திரையில் கேட்டுவிட்டு வந்து, வட்டமாக அமர்ந்து விவாதிப்பதற்கான ஏற்பாடு இது. நடுமுற்றத்தைச் சுற்றித் திறந்த வளைமாடங்கள். வெப்ப நாட்டுக் காற்று அவற்றினூடே செல்கிறது. ஹல்காவுக்குக் கான்கிரீட்டில் வீடு கட்டியது போன்றிருக்கிறது. இதைக் கட்டியவர்கள் அந்த மரபை நினைத்துச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரே தேவை ஒரே வடிவத்தை நாடுகிறது, அவ்வளவே. சிஷோம் நம் கவிகை மாடத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தையும் வட்டத்தையும் விட்டுவிட்டார்; இங்கே கவிகை மாடம் ஒன்றும் இல்லை, வட்டம் இருக்கிறது.

இனி நம் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றி. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் ராயப்பேட்டையில் புதுக் கல்லூரியைத் தொடங்கியது. நீதியரசர் பஷீர் அகமது சயீத் 1955இல் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியை நிறுவினார். நகரத்தின் நடுவில், நிலத்தின் விலை எட்டாத உயரத்திற்குப் போய்விட்ட இடங்களில், இனி விரிவடைய வழியின்றி இத்தகைய கல்லூரிகள் நிற்கின்றன. காலை ஒரு பிரிவு, பிற்பகல் ஒரு பிரிவு என்று ஒரே கட்டடத்தை இருமுறை பயன்படுத்தும் ஏற்பாட்டை அவை இணையம் வருமுன்பே கண்டுகொண்டன. இடத்தை விரிக்க முடியாதபோது காலத்தை விரித்தார்கள். அந்த ஏற்பாட்டின் குறை ஒன்றே: முதற்பிரிவு முடிந்ததும் மாணவர் வெளியேறியாக வேண்டும், இரண்டாம் பிரிவுக்கு முன்னே வந்தோர் வாயிலில் காத்திருக்க வேண்டும். தங்கிப் பேசும் பொழுதை அது பறித்துவிடுகிறது. பாடங்களில் ஒரு பகுதி திரைக்குப் போனால் அப்பொழுதைத் திரும்பப் பெறலாம். விடுபடும் அறைகளைப் பயிலிடங்களாக மாற்றினால் மட்டுமே.

கொடையாளர்களிடமும் ஒரு வார்த்தை. வகுப்பறை கட்டிக்கொடுப்பதை நிலையான தருமமாகக் கருதிப் பொருள் வழங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. அதனாலேயே பல கல்லூரிகள் எழுந்தன. அறைக்கு ஒரு கல்வெட்டு உண்டு. தாழ்வாரத்துத் திண்ணைக்கும் மின்செருகிக்கும் கல்வெட்டு யார் வைப்பார்? ஃபெஸ் நகரத்து வக்ஃபு ஆவணங்கள் கட்டடத்தோடு நிற்கவில்லை. மாணவரின் உணவு, விளக்கு போன்ற செலவுகளுக்கும் கடைகளின் வாடகையை எழுதிவைத்தன. அட்டைப்பெட்டி போன்ற இன்னும் நான்கு விரிவுரை அறைகளுக்குப் பதில், இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் படிப்பகம் ஒன்றும் அதன் மின்கட்டணத்துக்கு ஒரு நிதியும் கேட்கும் நிருவாகத்துக்கு அக்கொடையாளர் இல்லையென்று சொல்வாரா? கேட்டுப் பார்த்ததாக நாம் கேள்விப்படவில்லை.

எல்லாவற்றினும் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது பெண்மக்களின் நிலை. எஸ்.ஐ.இ.டி. எழுந்த காலத்தில், மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு அக்கட்டடமே விடையாயிற்று: மதில் உண்டு, பெண்களே பயிலும் சூழல் உண்டு, விடுதி உண்டு. அந்த மதிலுக்குள் அவள் பெற்றது பட்டம் மட்டும் அன்று. தோழி, நூலகம், விளையாட்டுத் திடல், மேடையில் பேசிப் பழகும் வாய்ப்பு, வீட்டாரின் ஏவலுக்கு அப்பாற்பட்ட சில மணி நேரம் ஆகியவற்றையும் பெற்றாள். இன்று, வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறலாமே, பின் எதற்கு வெளியே போக வேண்டும் என்று கேட்கப்படும்போது அது பரிவாகவே ஒலிக்கிறது. திருமணமாகிக் குழந்தையோடு இருப்பவளுக்கும், கல்லூரியே இல்லாத ஊரில் வாழ்பவளுக்கும் அது பெரும் பேறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேனாம்பேட்டைக்கு அரை மணித் தொலைவில் இருப்பவளுக்கும் அதுவே விடையாகிவிட்டால், அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில், அழைத்தால் எழுந்து போகவேண்டிய இடத்தில் அவள் பாடம் கேட்பாள். ஐயம் கேட்க வேண்டிய நேரத்தில் ஒலிவாங்கியை அணைத்து வைப்பாள், வீட்டுப் பேச்சு வெளியே கேட்டுவிடும் என்று. அவளுக்கு இணையம் கொடுத்துக் கட்டடத்தை எடுத்துக்கொள்வது கொடையாகாது. மகளிர் கல்லூரிகள் இணையவழிப் பட்டங்களைத் தொடங்கும்போது, அம்மாணவியருக்கும் வளாகத்தில் ஓர் இருக்கையை உறுதிசெய்யும் விதியைச் சேர்த்தே எழுத வேண்டும்.

புதுக் கல்லூரி வளாகத்திலேயே அச்சங்கத்தின் கட்டடக் கலைக் கல்லூரியும் இருக்கிறது. வரைவு மேசைகளோடு அங்கே பயிலும் இளைஞர்க்கு இவ்விதமான பயிற்சி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம்: நிலம், இருக்கும் வளாகத்தைத் தாண்டக் கூடாது, பாடங்களில் ஐந்தில் இரண்டு திரையில் நடக்கும், இரு பிரிவு மாணவரும் நண்பகலில் ஒருங்கே தங்க இடம் வேண்டும், நேரலையில் பேசுவோர்க்குச் சிறு அடைப்பறைகள் வேண்டும், உளூச் செய்யுமிடத்துக்கும் படிப்பிடத்துக்கும் நடுவே ஈரக்காலோடு நடக்க வழி வேண்டும், பகலில் விளக்கு எரியக் கூடாது. 66 சதுர மீட்டர் அறை ஒன்றுகூட வரையக் கூடாது.